பல் மருத்துவர் 4

மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள் என்றான் உர்மாஸ்.
குடும்பக் கணக்கு அவன் பெயரில்.
குடும்பம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது,
கணக்குதான் பாக்கி.

இருநூற்றுப் பதினேழு இடங்கள்.
'ஏற்றுமதி'யை அழுத்திவிட்டுக் காப்பி போட்டேன்.
ஆறுவதற்குள் மின்னஞ்சலில் வந்துவிட்டது
பதினொரு வருடம்,
முப்பத்தாறு கிலோபைட்.

புதிய செயலி எதையும் மறுக்கவில்லை,
எதையும் மதிக்கவும் இல்லை.
தார்த்துவின் கம்புரொட்டிக் கடைக்குச் சிவப்பு இதயம் வைத்திருந்தேன்,
அம்மா இருக்கும் இல்லத்துக்குப் பச்சைக் கொடி.
இங்கே எல்லாம் ஒரே நீலச் சொட்டு.
குறிப்புகள் ஒன்றுகூட வரவில்லை.
'பின்வாசலால் போ, நாய் கட்டியிருக்கும்'
என்று எழுதியது நினைவிருக்கிறது.
யார் வீட்டு நாய்?

எனக்கு வேலை வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில்.
வரிசை வரிசையாகச் சரிபார்க்காமல் தூக்கம் வராது.
கோப்பைத் திறந்தேன்.

டயர் கடை.
கார் நிறுத்திய இடம், ரிகா.
கார் நிறுத்திய இடம், மறுபடியும் ரிகா
(அங்கேதான் கதவை அறைந்து இறங்கி நடந்தேன்.
காரை மட்டும் அவன் தொலைத்ததே இல்லை).
பல் மருத்துவர்.
பல் மருத்துவர் 2.
பல் மருத்துவர் 3.
ஒன்பது வரை போயிற்று.

ஒரு வாய்க்கு ஒன்பது பேர்.
சேமித்த நேரம்: ஆகஸ்ட், ஞாயிறு, காலை ஆறு பத்து.
ஞாயிறு ஆறு மணிக்கு எந்த மருத்துவர்
வாயைத் திற என்பார்?
பெயர் ஒன்று மனதில் வந்தது, மார்யே.
பிறகு இன்னொன்று.
இரண்டு பேருக்கும் நல்ல பல்வரிசை.

எண்களை வரைபடத்தில் போட்டேன்.
சொட்டு காட்டின் நடுவில் விழுந்தது.
வீடு இல்லை, வாசல் இல்லை.
அருகிலுள்ள சாலை: இரண்டு கிலோமீட்டர், பெயரற்றது.
அடுத்ததும் காடு.
அடுத்தது சதுப்பின் ஓரம்.

அப்போதுதான் உறைத்தது.
சேவல்காளான்!

எங்கள் வோரு பக்கத்தில் வங்கிக் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுவார்கள்,
பழைய காதலைச் சொல்லிவிடுவார்கள்,
காளான் முளைக்கும் இடத்தை மட்டும்
சாகும்போதும் யோசித்துத்தான்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் சிலர்.
இவன் ஒன்பது காடுகளைப்
பல்லிடுக்கில் மறைத்திருக்கிறான்.

'சாலையோரம்தான் கிடந்தது' என்பான், வாளியை இறக்கி.
வெண்ணெயில் வதக்கித் தின்றேன்,
நம்பவும் செய்தேன்.

ஒன்பதையும் தேர்வு செய்தேன்.
அழிக்கவா என்றது.
அழிப்பதுதான் நாகரிகம்.
படகு போயிற்று, நீராவி அறை அடுப்பு போயிற்று,
கரடிப் படம் போட்ட குடத்தைக்கூட
கணக்கெழுதி எடுத்துக்கொண்டான்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
பெயரையும் மாற்றவில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழன் விடுப்புக் கேட்டேன்.
காரணம்: பல்.

ஈரப் பாசி. ஊசியிலை வாசம்.
காலுறைக்குள் ஏற ஓர் உண்ணியின் விடாமுயற்சி.
நான்காம் மருத்துவரிடம் மஞ்சள் இருந்தது,
ஆனால் பாதி.
மீதி இடமெல்லாம் கத்தி பட்ட அடித்தண்டுகள்,
வெட்டு இன்னும் வெளுப்பாக.
இன்று காலைதான்.

சுண்டுவிரல் உயரம் எட்டாததைத் தொடவில்லை.
கிளறிய பாசியைத் திரும்ப இழுத்து மூடி
உள்ளங்கையால் அழுத்தியிருந்தான்.
வீட்டில் ஒரு போர்வையை
அவன் அப்படிச் சரிசெய்து நான் பார்த்ததில்லை.

வெகுநேரம் குந்தியிருந்தேன்.
பிறகு அரை வாளி.
நானும் மூடினேன், கொஞ்சம் கோணலாக.

காரை எட்டியதும் கைபேசி நடுங்கியது:
'பல் மருத்துவர் 4' எப்படி இருந்தது?
உங்கள் கருத்து மற்றவர்களுக்கு உதவும்.

வலிக்கவில்லை,
காத்திருக்கும் நேரம்தான் அதிகம்
என்று தட்டினேன்.
பிறகு எழுத்தெழுத்தாக அழித்தேன்.
மற்றவர்களுக்கு உதவிவிட்டால்?